குண்டூசி ஒன்று, தாள் மூன்று

எங்கள் வீட்டில் ஒரு காகிதம் இன்னொரு காகிதத்தோடு சேர்ந்து இருந்ததாகச் சரித்திரமே கிடையாது. மருந்துச் சீட்டு ஒரு பக்கம், ரத்தப் பரிசோதனை ரிசல்ட் ஒரு பக்கம். ஒரு நாள் என் மகள் ஆறு தாள் கட்டுரை எழுதி, ஸ்டேப்ளர் அடித்து மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். வந்து பார்த்தால் ஆறும் ஆறாகக் கிடந்தன. ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சிலில் பொடி எழுத்தில் 1, 2, 3 என்று நம்பர். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில், பிடுங்கி எடுத்த ஸ்டேப்ளர் பின்.

“அத்தை! என்ன அத்தை இது?”

“துருப்பிடிக்கும்டி கண்ணு.”

“நாளைக்கு டீச்சர்கிட்ட குடுக்கப்போறேன். அதுக்குள்ள எப்படித் துருப்பிடிக்கும்?”

“அதான் நம்பர் போட்டிருக்கேன்ல.”

அந்த அத்தைதான் என் நாத்தனார், என் வீட்டுக்காரருக்கு அக்கா. கல்யாணமாகி நாலாம் வருஷமே ஒரு பெட்டியோடு தனியாக வந்தவள். காரணத்தை நான் கேட்டதில்லை. கேட்டாலும் சொல்லுகிற ஆள் இல்லை. பின்பக்க அறையில் ஒரு கட்டில், ஒரு அலமாரி, அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. பல்கலைக்கழக நூலகத்தில் பழைய ஏடுகளும் பெரிய மனிதர்களின் சொந்தக் காகிதங்களும் வைத்திருக்கிற பிரிவில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தாள். வேலை என்றால் ஆராய்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள். குண்டூசி பிடுங்குகிற வேலை.

யாராவது பேராசிரியரோ வக்கீலோ செத்துப்போவார். வீட்டில் இருப்பவர்கள் இடத்தை அடைக்கிறதே என்று அவருடைய காகிதங்களை மூட்டை கட்டி நூலகத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். அதில் இருக்கிற குண்டூசி, கிளிப், நூல், ரப்பர் பேண்டு எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். விட்டால் துரு காகிதத்தைத் தின்றுவிடுமாம். மழுங்கின தகடு ஒன்றைக் கீழே கொடுத்து, ஊசியை நெம்பி, தாளைத் தூரிகையால் தட்டி, ஃபோல்டரில் வைத்து, பெட்டியில் அடுக்க வேண்டும். ஆபீசில் இவளுக்குப் பெயரே ‘குண்டூசி’. “குண்டூசி வந்தாச்சா?” என்று போனில் இவளிடமே கேட்பார்களாம். “வந்தாச்சு, குத்தட்டுமா?” என்பாளாம்.

அந்த வேலையில் அவளுக்கு இரண்டு சட்டம். ஒன்று, ஊசியை எடுத்த மறு மூச்சில் அது பிடித்திருந்த தாள்களுக்கு வரிசையாக நம்பர் போட்டுவிட வேண்டும். அதோடு, எந்த மேஜை, எந்தப் பெட்டி, எத்தனை ஊசி, எத்தனை தாள் என்று தன் ரிஜிஸ்டரில் எழுதிவிட வேண்டும். இரண்டு, எதையும் படிக்கக் கூடாது.

“முப்பது வருஷமா ஊர்ல இருக்கிறவன் லெட்டரெல்லாம் கையில வெச்சிருக்கீங்க. ஒண்ணுகூடவா படிச்சதில்ல?” என்று நான் கேட்டிருக்கிறேன்.

“படிக்க ஆரம்பிச்சா வேலை ஓடாது.”

“எனக்கெல்லாம் கை அரிக்கும் அண்ணி.”

“அதனாலதான் உன்ன வீட்டுல வெச்சிருக்கோம்.”

இப்படிப்பட்டவள் சட்டத்தை மீறியது ஒரே ஒரு நாள். அதற்குக் காரணம் நான்.

பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றை நாற்பது வருஷம் நடத்திய ஒரு டாக்டரின் காகிதங்கள் அப்போது வந்திருந்தன. அறுபத்து நாலு பெட்டி. அவருக்கு வந்த கடிதங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளை எழுபத்தைந்து வருஷம் யாரும் திறக்கக் கூடாது என்பது டாக்டரின் மகன் போட்ட ஒப்பந்தம். அன்றைக்கு இவள் மேஜையில் இரண்டும் இருந்தன. இடது பக்கம் கடிதங்கள், வலது பக்கம் நாற்பத்தோராம் பெட்டியின் நோயாளிக் குறிப்புகள்.

நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, தபால் பெட்டியைப் பார்க்க வாசலுக்கு வந்தேன். காற்றில் கதவு சாத்திப் பூட்டிக்கொண்டது. இன்னொரு சாவி இவளிடம். பக்கத்து வீட்டுப் போனில் ஆபீசுக்குக் கூப்பிட்டு, “அண்ணி, வீடு பத்திக்கப்போகுது!” என்று கத்தினேன். அப்போதுதான் ஒரு ஊசியை எடுத்து ரிஜிஸ்டரில் எழுதி முடித்திருந்தாளாம். தாளில் நம்பர் போடவில்லை. அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். வீடு பற்றிக்கொள்ளவில்லை. பால் பொங்கி, தீய்ந்து, பாத்திரம் கறுத்தது. அவ்வளவுதான். அந்தப் பாத்திரத்தை அன்றைக்கே தூக்கிப்போட்டேன்.

மறுநாள் இவள் ஆபீசுக்குப் போனால் மேஜை துடைத்துவிட்டது போல இருந்ததாம். பட்டியல் எழுதுகிறவருக்கு மேஜை தேவைப்பட்டிருக்கிறது. உதவி செய்வதாக நினைத்து, கிடந்த தாள்களை அங்கங்கே ஃபோல்டர்களில் சொருகிவிட்டுப் போயிருக்கிறார். இவளும் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, எது எதில் இருந்ததோ அப்படியே நம்பர் போட்டாள். நாற்பத்தோராம் பெட்டிக்குத் தன் கையாலேயே நாடா கட்டிச் சீல் வைத்தாள். எல்லாரும் மறந்துபோனோம்.

ஒன்பது வருஷம் கழித்து, இவள் ஓய்வு பெற நாலு மாதம் இருக்கும்போது, அந்தக் கண்ணாடிக் கடைக்காரர் வந்தார்.

ஐம்பத்தெட்டு வயது ஆள். வேறு ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை. அவரை வளர்த்த அப்பா ஒரு தையல்காரர். சாகிறதற்கு முன்னால் மகனைக் கூப்பிட்டு, “நீ நாங்க பெத்த பிள்ளை இல்லப்பா. அந்த டாக்டர்தான் உன்னக் கொண்டாந்து குடுத்தாரு” என்று சொல்லியிருக்கிறார். டாக்டர் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. காகிதங்கள் நூலகத்தில் இருக்கின்றன என்று கேள்விப்பட்டு வந்து, மூன்று நாள் வாசிப்பு அறையில் உட்கார்ந்து கடிதங்களைப் புரட்டினார். மூன்றாம் நாள் கிடைத்தது.

பத்தொன்பது வயசுப் பெண் டாக்டருக்கு எழுதிய கடிதம். இரண்டு தாள். பிள்ளையைத் தையல்காரர் வீட்டில் விட்டது நிம்மதி என்றும், தான் ஊரை விட்டுப் போவதாகவும் எழுதியிருந்தது. இரண்டாம் தாளின் கடைசியில் இப்படி: ‘அவன் பெரியவனாகி என்னைக் கேட்டால் மட்டும் கொடுங்கள். என் பேரும் நான் போகிற இடத்து விலாசமும் அடுத்த தாளில் தனியாக எழுதியிருக்கிறேன். வேண்டாம் என்று தோன்றினால் அந்தத் தாளை மட்டும் கிழித்துப் போடுங்கள்.’

அடுத்த தாள் இல்லை.

பெட்டியை எடுத்துப்போக என் நாத்தனார் போயிருக்கிறாள். அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்து, “அக்கா, இதுக்கு அடுத்த தாள் எங்க இருக்கும்?” என்றாராம்.

“வந்தது வந்தபடிதான் வெச்சிருக்கோம் சார்.” வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“டாக்டர் கிழிச்சிருப்பாருன்றாங்க, கவுன்ட்டர்ல. அப்படின்னா சரி, விட்டுடறேன். கிழிச்சிருப்பாரா அக்கா?”

இவள் இரண்டாம் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் இரண்டு துளை. துளைக்கு நடுவே துருக் கோடு இல்லை, சுத்தமாக இருந்தது. ஊசியின் உடம்பு கடைசித் தாளின் முதுகில்தான் படுத்திருக்கும், துரு அங்கேதான் பதியும். அப்படியென்றால் இது கடைசித் தாள் இல்லை.

உள்ளே போய்த் தன் பழைய ரிஜிஸ்டரைத் தேடி எடுத்தாள். பால் பொங்கின அன்றைய தேதியில், அந்தக் கடிதத்துக்கு நேரே, தன் கையெழுத்து: ‘குண்டூசி ஒன்று, தாள் மூன்று.’ பக்கத்து வரியில்: ‘வலது பக்கம்: பெட்டி 41, ஃபோல்டர் 7.’

டாக்டர் கிழிக்கவில்லை. மேஜையை ஒதுக்கியவர் மூன்றாம் தாளை வலது பக்கத்துக் குறிப்புகளோடு சொருகியிருக்க வேண்டும். ஐம்பது வருஷமாக ஒரு ஊசி அதைப் பிடித்து வைத்திருந்தது. இவள்தான் எடுத்துவிட்டாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

“யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“இல்ல. நாளைக்குக் காப்பாளர்கிட்ட சொல்லணும்.” காப்பாளர் என்றால் அந்தப் பிரிவுக்குத் தலைவர். இவளைவிடப் பதினைந்து வயது சின்னப் பெண்.

“நாலு மாசத்துல வெளிய வரப்போறீங்க. எதுக்கு அண்ணி வாயக் குடுத்து மாட்டிக்கிறீங்க? சாவி உங்ககிட்டதான இருக்கு. பெட்டியத் தொறந்து பாருங்க, இருந்தா எடுத்து அந்த ஆள்கிட்டக் குடுங்க. யாரு கேக்கப்போறா?”

“சீல் வெச்ச பெட்டி.”

“வெச்சது நீங்கதான?”

மறுநாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபோது உள்ளே போயிருக்கிறாள். ஏணியை நகர்த்தி, ஏறி, நாற்பத்தோராம் பெட்டியின் நாடாவில் கை வைத்திருக்கிறாள். அப்படியே இறங்கி வந்துவிட்டாள்.

“ஏன்?” என்றேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஒரு தடவ சட்டத்த விட்டேன். அதோட லட்சணத்ததான் இப்பப் பாக்குறோமே. கை வரல.”

“உங்க கைக்கு மட்டும் எங்கிருந்துதான் இந்த ரோஷம் வருதோ.”

காப்பாளரிடமே போய்ச் சொன்னாள். அந்தப் பெண் கெட்டவள் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பொறுமையாகக் கேட்டிருக்கிறாள். “பட்டியல்ல ரெண்டு தாள்னுதான் இருக்கு. நீங்க எழுதுன ரிஜிஸ்டர் ஆவணம் ஆகாதும்மா. இருந்தாலும் அவர் மனு குடுக்கட்டும், மேல அனுப்பறேன்” என்று ஒரு படிவம் கொடுத்தாள். படிவத்தில் பெட்டி எண், ஃபோல்டர் எண் இரண்டும் எழுத வேண்டும். ஒரு மனுவுக்கு ஒரு ஃபோல்டர். இவள்தான் பக்கத்தில் நின்று, “நாப்பத்தொண்ணு, ஏழு” என்று சொன்னாள்.

“சாதாரணமா இந்தப் பெட்டிய எப்ப தொறப்பாங்க?” என்று கேட்டாராம் கண்ணாடிக் கடைக்காரர்.

“இன்னும் அறுபத்தாறு வருஷம்.”

“எனக்கு நூத்தி இருபத்திநாலு வயசாகும். பரவால்ல, அம்மாவுக்கு நூத்தி நாப்பத்திமூணுதான்” என்று சிரித்தாராம். இவள் சிரிக்கவில்லை. அம்மா உயிரோடு இருந்தால் எழுபத்தேழு. இருக்கக்கூடிய வயசுதான். அதுதான் இவளைத் தூங்கவிடவில்லை.

மேஜையை ஒதுக்கிய ஆளையும் விடவில்லை. அவர் ஓய்வு பெற்று மகள் வீட்டில் இருந்தார். போனில் பிடித்தாள். நான் பக்கத்தில் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

“எந்த மேஜை? நானா? எத்தன வருஷத்துக்கு முன்னாடி? குண்டூசி, நான் நேத்து என்ன சாப்பிட்டேன்னே எனக்கு ஞாபகம் இல்ல.”

“ஏழாம் ஃபோல்டர்லதான வெச்சீங்க? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்களேன்.”

“உதவிதானம்மா பண்ணேன். அதுக்குப் போய்…” போனை வைத்துவிட்டார்.

மனு பல்கலைக்கழகக் குழுவுக்குப் போனது. குழு மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் கூடும். அங்கிருந்து வெளிநாட்டில் இருக்கிற டாக்டரின் மகனுக்குப் போனது. அவருக்கே எண்பது வயசு. கண்ணில் ஆபரேஷன் ஆகி, கட்டுப் பிரிக்கிற வரைக்கும் கடிதம் படிக்க மாட்டாராம். நாலு மாதம் முடிந்து இவள் ஓய்வு பெற்றாள். மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். சாவியை எண்ணி வாங்கிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் இருந்த பத்து மாதத்தை என்னால் மறக்க முடியாது. வேலை இல்லாத கை சும்மா இருக்குமா? காலண்டரின் கம்பியைப் பிடுங்கினாள். தையல் பெட்டியில் இருந்த ஊசிகளை எல்லாம் எண்ணினாள். “அண்ணி, கொஞ்சம் வெளிய போய்ட்டு வாங்களேன்” என்றால், “போன் வந்துட்டா?” என்பாள்.

மனு கொடுத்துப் பதினாலு மாதம் கழித்துப் போன் வந்தது. அனுமதி கிடைத்துவிட்டது. கண்ணாடிக் கடைக்காரர், “அக்கா, நீங்க கூட இருக்கணும்” என்றார். அவளுக்கு முழங்கால் வலி, துணையில்லாமல் பஸ் படி ஏற முடியாது. அதனால் நானும் போனேன்.

முப்பத்தோரு வருஷம் இவள் நேராக உள்ளே போன வாசலில் நிறுத்தினார்கள். வருகையாளர் புத்தகத்தில் பேரும் விலாசமும் எழுதச் சொன்னார்கள், கைப்பையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ‘வந்த காரணம்’ என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் இவள் என்னைப் பார்த்தாள். “பார்வைன்னு எழுதுங்க” என்றேன்.

வாசிப்பு அறைக்கும் உள் அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. பெட்டியை வெளியே கொண்டுவர அனுமதி இல்லை. உள்ளே வைத்து அவர்களே தேடுவார்கள், கிடைத்தால் அந்த ஒரு தாளை மட்டும் காட்டுவார்கள். நாங்கள் மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். கண்ணாடிக் கடைக்காரருக்குக் கை நிலைகொள்ளவில்லை. திடீரென்று என் நாத்தனாரைப் பார்த்து, “அக்கா, உங்க கண்ணாடி காது லூசா இருக்கு, குடுங்க” என்று வாங்கி, சட்டைப்பையிலிருந்து குட்டித் திருப்புளி எடுத்து முடுக்கினார். “பவரும் பழசு. கடைக்கு வாங்க, மாத்தித் தரேன்.”

“சீக்கிரம் குடு தம்பி, உள்ள பாக்கணும்.” அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவரைத் தம்பி என்றாள்.

உள்ளே ஒரு புதுப் பெண் கையுறை போட்டுக்கொண்டு ஏழாம் ஃபோல்டரைத் திறந்தாள். காப்பாளர் பக்கத்தில். ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். நூற்றுப் பன்னிரண்டு தாள். என் நாத்தனாரின் உதடு கூடவே எண்ணிக்கொண்டிருந்தது. அறுபதைத் தாண்டி எங்கேயோ, சட்டென்று எழுந்து கண்ணாடித் தடுப்பைத் தட்டினாள். “ரெண்டு சேர்ந்து வந்துடுச்சு! ரெண்டு சேர்ந்து!”

“அம்மா, தட்டாதீங்க, தட்டக் கூடாது” என்று காவலாளி ஓடி வந்தார். என்னைவிட அதிக வருஷம் இவளைப் பார்த்தவர் அவர். தலையைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னார்.

உள்ளே இருந்த பெண் திரும்பவும் முதலிலிருந்து புரட்டினாள். சேர்ந்து வந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தாள். இரண்டுமே நோயாளிக் குறிப்பு. நூற்றுப் பன்னிரண்டும் முடிந்தது. காப்பாளர் வெளியே வந்தாள்.

“இதுல இல்லைங்க. எண்ணிக்கையும் பட்டியல்ல இருக்கிறபடி சரியா இருக்கு.”

“எண்ணிக்கை சரியாதாம்மா இருக்கும்” என்றாள் என் நாத்தனார். “எது எதுல சொருகியிருந்துச்சோ அதுலயே நான்தான மறுநாள் நம்பர் போட்டேன். அந்தத் தாளுக்கும் நான்தான் போட்டிருப்பேன். படிக்காம போட்டிருப்பேன். ஏழுல இல்லன்னா எட்டு. அதே பெட்டிதான். எட்டத் தொறந்து பாத்துடுங்க.”

“அனுமதி ஏழுக்குத்தான் வந்திருக்கு.”

“அடுத்த ஃபோல்டர்மா. இதோ, கைக்கெட்டுற தூரத்துல இருக்கு.”

“தெரியுதும்மா. எட்டுக்குன்னு தனியா ஒரு மனு குடுங்க.” அந்தப் பெண்ணின் முகமும் வெளிறித்தான் இருந்தது. “இந்தச் சட்டம் உங்களுக்குத் தெரியாததா? எனக்கே நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்க.”

   

கண்ணாடிக் கடைக்காரர்தான் புதுப் படிவம் கேட்டு வாங்கினார். அங்கே பேனா கூடாது. பென்சிலில் எழுதினார். பெட்டி நாற்பத்தொன்று, ஃபோல்டர் எட்டு. எழுதி முடித்து, தன்னிடம் இருந்த அந்த இரண்டு தாளின் நகலையும் படிவத்தோடு சேர்த்து வைத்தார். கவுன்ட்டரில் இருந்தவர் ஸ்டேப்ளரை நீட்டினார். அவர் அடித்ததும் பின்னின் ஒரு கால் சரியாக மடங்காமல் நின்றது. என் நாத்தனார் கையை நீட்டினாள். பிடுங்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். கட்டைவிரல் நகத்தால் அந்தக் காலை அழுத்தி மடக்கிவிட்டாள்.

பஸ்ஸில் வரும்போது, “அன்னைக்கே நாடாவப் பிரிச்சிருந்தா…” என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, “எட்டுலயும் இல்லன்னா ஆறு” என்றாள்.

“வீடு பத்திக்கப்போகுதுன்னு நான் கத்தாம இருந்திருந்தா…”

“பால வெச்சுட்டு வாசலுக்குப் போறவ நீ ஒருத்திதானா உலகத்துல?” என்று என் கையைத் தட்டினாள். அவ்வளவுதான் எங்களுக்குள் அதைப் பற்றிய பேச்சு.

எட்டாம் ஃபோல்டருக்கு மனு போட்டு இப்போது ஏழு மாதம். டாக்டரின் மகனுக்கு இன்னொரு கண்ணிலும் ஆபரேஷனாம். சனிக்கிழமை தவறாமல் பதினோரு மணிக்குக் கண்ணாடிக் கடைக்காரர் போன் பண்ணுவார். இவள் பத்தரைக்கே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். “அக்கா, ஏதாவது தெரிஞ்சுதா?” “இன்னும் இல்ல தம்பி.” ஆபீசில் இப்போது இவளுக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. மனு அவருடையது, தகவல் வந்தால் அவருக்குத்தான் முதலில் வரும். அது அவருக்கும் தெரியும், இவளுக்கும் தெரியும்.

போன சனிக்கிழமையும் மணி அடித்தது. எடுத்தாள். “இன்னும் இல்ல…” என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் ரிசீவரைப் பொத்திக்கொண்டு என்னிடம் நீட்டினாள்.

“என்ன அண்ணி? என்ன சொல்றாரு?”

“லெட்டரப் பத்தி எதுவும் கேக்கல. சாப்பிட்டீங்களான்னு கேக்குறாரு.” கண் இரண்டும் நிறைந்துவிட்டது. “நான் என்னத்தச் சொல்ல?”

நான் வாங்கினேன். “சாப்பிட்டாச்சுங்க” என்றேன். “நீங்க?”